ஐயாதுரை அண்ணாச்சியின் நூறாம் நம்பர் முத்தம்

இது சத்தியமாக நடந்த கதை. என் சலூனில் தொங்குகிற பெரிய கண்ணாடி மேல் ஆணை. அதற்கு முன்னால் உட்கார்ந்து பொய் சொன்னால் சொன்னவன் முகமே காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். கத்தியைத் தீட்டுகிற மாதிரி கதையையும் கொஞ்சம் தீட்டித்தான் எனக்குப் பழக்கம். நாலு பேர் வந்திருந்தால் நாற்பது பேர் வந்தார்கள் என்பேன். நீங்களாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ராஜபாளையத்தில் மில் வாசலுக்கு எதிரே இருக்கிற என் கடையில். நாற்காலியில் வைகுண்டராஜ். பேண்டேஜ் கட்டுத்துணி வியாபாரி, முகம் முழுக்க சோப்பு நுரை. பெஞ்சில் ராக்கப்பன் அண்ணாச்சி. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முடி வெட்ட வந்தவர். தலையில் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை, பேச்சு கேட்கத்தான் வருவார்.

"சமுத்திரம், ஐயாதுரை ஏன் ரெண்டு கன்னத்துலயும் கட்டுப் போட்டுக்கிட்டு அலைஞ்சாரு? நானும் ஆரஞ்சுப் பழமெல்லாம் வாங்கிட்டுப் போய்ப் பார்த்தேன். என்னன்னே சொல்லல" என்று வைகுண்டராஜ் ஆரம்பித்து வைத்தார்.

அது போதாதா எனக்கு?

ஐயாதுரை அண்ணாச்சி பிறந்தது வ. புதுப்பட்டியில். அவருடைய அப்பாவுக்கு இருந்த நிலம் எம்புட்டு என்றால், குடையை விரித்தால் நிழல் பக்கத்துக்காரன் வயலில் விழும். அதனால் மீசை அரும்பின வயதில் பஸ் ஏறி ராஜபாளையம் வந்து நூல் மில்லில் சேர்ந்துவிட்டார். அறுந்த நூலைப் பிணைக்கிற வேலை. மெஷினுக்கு இந்தப் பக்கம் நடந்து, அந்தப் பக்கம் திரும்பி, நாள் முழுக்க நடை. அவர் நடந்த தூரத்துக்குக் காசிக்கே போயிருக்கலாம். வழியில் மறந்து வைத்த செருப்பை எடுக்கத் திரும்பி வந்து, மறுபடியும் காசிக்குப் போயிருக்கலாம்.

"மில்லுக்குள்ள நாங்க செருப்பே போட்டதில்லையேலே" என்றார் ராக்கப்பன்.

"அண்ணாச்சி, அது காசிக்குப் போன செருப்பு. மில்லுக்குப் போனது இல்ல. கதையைக் கேளுங்க."

அந்தக் காலத்தில் சங்கு ஊதி ஷிப்ட் விட்டால் வாசல் வழியே வருகிறவர்களில் யார் யார் என்று பெண்டாட்டிக்கே தெரியாது. தலை, புருவம், மீசை, காது மடல் எல்லாம் பஞ்சு. இருபத்தைந்து வயதுப் பையன்கள் எல்லாம் எண்பது வயதுக் கிழவர்கள் மாதிரி வருவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பஞ்சு மூட்டை மட்டும் ஓட்டமாக ஓடும். அதுதான் ஐயாதுரை. வீட்டில் சேலைத் தொட்டிலில் மகள் பாண்டிசெல்வி கிடக்கிறாள் அல்லவா!

வாசலிலேயே அவர் சம்சாரம் பரிபூரணம் அக்கா மறித்துக்கொள்வார்.

"அங்கனயே நில்லுங்க! பஞ்சோட கிட்ட போனா பிள்ளைக்கு மூச்சு முட்டும்."

"ஒரே ஒரு முத்தம் ஏட்டி."

"குளிச்சிட்டு வாங்க."

குளித்துவிட்டு வருவதற்குள் பிள்ளை தூங்கியிருக்கும். தூங்குகிற பிள்ளையைத் தொடவும் அக்கா விட மாட்டார். அதனால் அண்ணாச்சி ஒரு வழி கண்டுபிடித்தார். குழாயடியில் முழங்கை வரைக்கும் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, மூஞ்சியை எட்ட வைத்துக்கொண்டு, கையை மட்டும் தொட்டில் வரைக்கும் நீட்டுவார். ஐந்து விரலையும் கூட்டிப் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு, அந்த விரல்களைத் தன் உதட்டுக்குக் கொண்டுவந்து, "ம்மா" என்பார். நம் ஊரில் பெண்கள் எல்லாரும் கொடுக்கிற கை முத்தம்தான். ஆனால் ஒரு ஆம்பிளை தினமும் வேலை விட்டு வந்து வாசலில் நின்றபடி கொடுத்தது அந்தத் தெருவிலேயே அவர் ஒருவர்தான்.

பிள்ளை வளர்ந்தாள். பள்ளிக்கூடம் போனாள். பெரிய மனுஷியானாள். அதற்குப் பிறகு எந்த அப்பன் மகளுக்கு முத்தம் கொடுத்தான் நம் ஊரில்? பாண்டிசெல்வியைக் கட்டிக் கொடுத்தார்கள், அவள் புருஷனோடு புனேக்கும் போய்விட்டாள்.

ஒரு நாள் இதே நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு அண்ணாச்சி சொன்னார்:

"ஏலே சமுத்திரம், எம்மவ கன்னத்துல எம் மூஞ்சி ஒரு நாள்கூட பட்டதில்லலே. பஞ்சுதான் அம்புட்டையும் தின்னுட்டு. பேத்தி வரட்டும். அவகிட்ட வாங்கிப்புடுதேன்."

நான் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கிற ஆள். அன்றைக்கு மட்டும் வழித்து முடித்த கன்னத்துக்கு இரண்டாவது தடவை சோப்புப் போட்டு விட்டேன்.

பேத்தி பெயர் தாரிகா. அஞ்சு வயசு. கைக்குழந்தையாக ஒரு தடவை பார்த்தது. பிறகு எல்லாம் போனில்தான். அண்ணாச்சி போனுக்கே முத்தம் கொடுப்பார். கொடுக்கிற வேகத்தில் மூக்கு பட்டு போன் கட்டாகிவிடும். புனேயில் பிள்ளை, "தாத்தா மறுபடியும் போயிட்டாரு" என்று சிரிக்குமாம்.

போன முழுப்பரீட்சை லீவுக்குத் தாயும் மகளும் வந்து இறங்கினார்கள். ஆட்டோ நிற்பதற்குள் அண்ணாச்சி பாய்ந்துவிட்டார். பருந்து கோழிக்குஞ்சைத் தூக்குகிற மாதிரி பேத்தியைத் தூக்கிக் கன்னத்தோடு கன்னத்தை வைத்தார் பாருங்கள், பிள்ளை போட்ட சத்தத்தில் நம் ஊர்ச் சஞ்சீவி மலையே ஒரு அடி நகர்ந்து உட்கார்ந்தது.

"முள்ளு! முள்ளு குத்துது!"

இறக்கி விட்டார். அவள் இரண்டு கையாலும் இரண்டு கன்னத்தையும் பொத்திக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"கேக்காம கிஸ் பண்ணக் கூடாது தாத்தா. எங்க மிஸ் சொல்லியிருக்காங்க."

பரிபூரணம் அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்படிச் சொல்லு ஏட்டி என் ராசாத்தி! நாப்பது வருசமா எனக்கு இது தோணாமப் போச்சே!"

அண்ணாச்சி அசடு வழிந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பேத்தி முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து, "சரி தாயி, கேக்குதேன். தாத்தாவுக்கு ஒரு முத்தம் தாறியா?" என்றார்.

அவள் அவருடைய மூஞ்சியை மேலும் கீழுமாகப் பார்த்தாள். "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் நான் கடை திறக்குமுன் அண்ணாச்சி வாசலில் நிற்கிறார். "ஏலே, முள்ளு ஒண்ணுகூட இருக்கக் கூடாது. வழிலே."

மீசையை மட்டும் விட்டு வழித்தேன். பூசணிக்காய் மாதிரி பளபளவென்று போனார். வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். சாயங்காலம் மறுபடி வந்தார். மறுநாளும் வந்தார். அந்த வாரம் மில்லில் மெஷின் ஓடினதைவிட என் கத்தி அவர் கன்னத்தில் ஓடினதுதான் அதிகம்.

இதற்கிடையில் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கிற அவருடைய மகனும் தன் இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு பால்கோவாவோடு வந்து சேர்ந்தான். அண்ணாச்சிக்கு ஒரு யோசனை. பால்கோவா டப்பாவைத் திறந்து பேத்தி முன்னால் நீட்டி, "ஒரு வாய் உனக்கு, ஒரு முத்தம் எனக்கு" என்றார்.

தாரிகா நின்று நிதானமாகச் சாப்பிட்டாள். விரலை நக்கினாள். "தேங்க்யூ தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"முத்தத்துக்கு யாவாரமா பேசுதீய?" என்று அக்கா ஏசினார். "வெக்கமா இல்ல? மில்லுக்காரரா நீங்க, யாவாரியா?"

"யாவாரின்னா அம்புட்டு எளப்பமா?" என்று வைகுண்டராஜ் நுரைக்குள்ளிருந்து கேட்டார்.

"பேசாதீங்க ராஜு, கத்தி இருக்கு" என்றேன்.

பேத்தி தரவில்லை என்றால் என்ன, அவள் பார்க்கிற மாதிரி மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம் என்று அண்ணாச்சி அடுத்த வழிக்குப் போனார். பேரன்கள் இரண்டு பேர், தெருப் பிள்ளைகள் ஒரு நானூறு பேர்.

"ஏழு பேருலே. நான் பார்த்தேன்" என்றார் ராக்கப்பன்.

சரி, பேரன்களையும் சேர்த்து ஏழு பேர். எல்லாரையும் வீட்டு வாசலில் வரிசையாக உட்கார வைத்தார். மில்காரர் அல்லவா, நூலுக்கு நம்பர் சொல்கிற மாதிரியே முத்தத்துக்கும் நம்பர் போட்டுவிட்டார். நம்பர் கூடக் கூட நூல் சன்னம். பத்தாம் நம்பர் நூலில் ஜமுக்காளம் நெய்யலாம். நூறாம் நம்பர் நூல் கண்ணுக்கே தெரியாது, காற்று மாதிரி இருக்கும்.

"எல்லாரும் கேளுங்கலே. பத்தாம் நம்பர் முத்தம் யாருக்கு? காது கேக்காத ஆச்சிக்கு. குடுத்தா தெருமுக்கு வரைக்கும் சத்தம் கேக்கணும். எங்க, எல்லாரும் அவங்கவங்க புறங்கையில குடுங்க பாப்போம்!"

ஏழு பேரும் கொடுத்த சத்தத்தில் வேப்பமரத்துக் காக்காய் எல்லாம் எழுந்து பறந்தன.

"நல்லா இருக்கு. நாப்பதாம் நம்பர் யாருக்கு? பள்ளிக்கூடம் போகையில அம்மைக்கு. எச்சி படக் கூடாது. ஏலே மூணாமத்தவனே, நீ குடுத்தது முத்தமா, ஐஸ் தின்னியா? துடைலே கையை!"

அந்த நேரம் பார்த்துத் தெரு நாய் ஒன்று வந்து கடைசிப் பையன் மூஞ்சியை நக்கிவிட்டது. "தாத்தா, இது என்ன நம்பர்?" என்று அவன் கேட்டான்.

"அது வேஸ்ட் பஞ்சுலே, நம்பரே கெடையாது. போய் மூஞ்சியக் கழுவு. இப்ப நூறாம் நம்பர். அது தூங்குத தங்கச்சிக்கு. குடுத்தது அவளுக்கே தெரியக் கூடாது. முழிச்சிட்டான்னா நூல் அந்துபோச்சுன்னு அர்த்தம். நூல் அந்தா பெயில்!"

பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு புறங்கையில் உதட்டை வைத்தார்கள். ஒரு சத்தம் இல்லை. அந்த அமைதியில் கதவுக்குப் பின்னால் களுக்கென்று ஒரு சிரிப்பு. தாரிகா.

அண்ணாச்சி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஓடிவிடுவாள் என்று தெரியும். பார்க்காமலே குரலை மட்டும் உயர்த்தினார்.

"கடைசியா ஒரு சட்டம். இது எம் பேத்தி எனக்குச் சொல்லிக் குடுத்தது. எந்த நம்பரா இருந்தாலும் கேட்டுத்தான் குடுக்கணும். கேட்டுத்தான் வாங்கணும். வேண்டாம்னு சொன்னா கையக் கட்டிக்கிட்டு நிக்கணும். மாமாவா இருந்தாலும் சரி, அத்தையா இருந்தாலும் சரி, தாத்தாவா இருந்தாலும் சரி. வெளங்குதா?"

"வெளங்குது!"

அதற்குப் பிறகு தாரிகா அவர் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தாள். சட்டம் தன்னுடையது என்று அவளுக்கு ஒரே பெருமை. பாண்டியாட்டம் ஆடினாள், அவர் முதுகில் ஏறினாள், காதைப் பிடித்து இழுத்தாள். முத்தம் மட்டும் இல்லை. தினமும் ஒரு தடவை அவர் கேட்பார். அவள் கன்னத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் முள்ளு இருக்கு தாத்தா" என்பாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

ஊருக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது கடைக்கு வந்தார். கன்னம் இரண்டும் சிராய்ந்து சிவந்து கிடக்கிறது. படிகாரத்தைத் தேய்த்தாலே துள்ளுகிறார்.

"அண்ணாச்சி, இதுக்கு மேல வழிக்கணும்னா எலும்பைத்தான் வழிக்கணும். நான் மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

கண்ணாடியை வெகு நேரம் பார்த்தார். பிறகு அவர் மூஞ்சியில் ஒரு வெளிச்சம். "பேண்டேஜுக்குப் பேர் போன ஊருல இருந்துக்கிட்டு நான் ஏம்லே முள்ளுக்குப் பயப்படணும்?"

நேரே தெரிந்த பையன் ஒருவன் வேலை பார்க்கிற கட்டுத்துணிக் கம்பெனிக்குப் போனார். மெத்தென்று நாலு மடிப்பு மடித்த வலைத்துணி இரண்டு துண்டு வாங்கினார். கன்னத்துக்கு ஒன்றாக வைத்து பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டார். இனி எப்படி முள் குத்தும்? பஞ்சு மாதிரி மிருதுவாக இருக்குமே!

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் வீடு போய்ச் சேருவதற்குள் ஊர் கூடிவிட்டது. "பல்லு புடுங்குனீயளா?" என்று ஒருவர். "வண்டியில இருந்து விழுந்துட்டீயளா?" என்று ஒருவர். "அக்கா அடிச்சிட்டாங்களா?" என்று ஒருவர். பேத்தி முத்தத்துக்காக என்று ஒரு மில்காரர் நடுத்தெருவில் எப்படிச் சொல்வார்? முதல் ஆளிடம் பல்வலி என்றார், இரண்டாவது ஆளிடம் தேனீ கொட்டிவிட்டது என்றார். இருவரும் சந்தித்துப் பேசிக்கொண்டதில், தேனீ வாய்க்குள் புகுந்து பல்லைப் பிடுங்கிவிட்டது என்று செய்தி பரவிவிட்டது. சேத்தூரிலிருந்து ஒரு வேன் பிடித்து வந்தார்கள் பார்ப்பதற்கு. வீட்டில் ஆரஞ்சு குவிந்து, அக்கா அக்கம்பக்கம் எல்லாம் கொடுத்தும் தீரவில்லை.

"ஏமிரா இது! நான் வாங்கிட்டுப் போனது நாலு பழம். ஒரு முத்தத்துக்காகவா நான் வெயில்ல போனேன்?" என்று வைகுண்டராஜ் தெலுங்கும் தமிழுமாகக் கத்திக்கொண்டு நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

கேளுங்கள், அதற்குமேல்தான் வினை. தாத்தா கட்டோடு வருவதைப் பார்த்த தாரிகாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் அதைக் காயம் என்றே நினைத்துவிட்டாள்.

"வலிக்குதா தாத்தா?"

"வலியே இல்ல தாயி. மெத்துனு இருக்கு, தொட்டுப் பாரு. இப்ப ஒண்ணு தாறியா?"

"ஐயோ வேண்டாம். உங்களுக்கு வலிக்கும்."

எட்ட நின்று உதட்டைக் குவித்து "ஊ, ஊ" என்று ஊதிவிட்டுப் போய்விட்டாள். முதுகில் ஏறுவதையும் காதைப் பிடிப்பதையும்கூட நிறுத்திவிட்டாள். பிளாஸ்திரியைப் பிய்த்துவிடலாம் என்று பார்த்தால் அது மீசையோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது. பிய்த்தாலும் கீழே சிவந்த புண். அதைப் பார்த்தால் பிள்ளை இன்னும் பயந்துவிடுவாள்.

ஊருக்குப் போகிற அன்று சாயங்காலம் ரயிலடிக்கு நானும் போயிருந்தேன். பையைத் தூக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். தூக்கினது எல்லாம் ஆரஞ்சுதான். மேற்கே மலைக்குப் பின்னால் வெயில் இறங்குகிறது. அண்ணாச்சி இரண்டு கன்னத்திலும் வெள்ளைத் துணியோடு பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அன்றைக்கு முத்தம் கேட்கவில்லை. அடுத்த லீவுக்கு வருவார்களோ, அவள் வளர்ந்து இதையெல்லாம் மறந்துவிடுவாளோ என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

செங்கோட்டைப் பக்கமிருந்து ரயில் வந்து நின்றது. நம் ஊரில் அது நிற்கிற நேரம் ஒரு தும்மல் போட்டு முடிக்கிற நேரம்தான். பாண்டிசெல்வி பெட்டியை ஏற்றி, பிள்ளையை ஏற்றி, படியில் நின்றபடியே அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். கட்டுப் போட்ட அந்த மூஞ்சியைப் பார்த்ததும் அவளுக்கு என்ன ஞாபகம் வந்ததோ. இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக, ஷிப்ட் விட்டு வந்த பழைய ஐயாதுரை மாதிரிதான் இருந்தார்.

"குளிச்சிட்டு வரலையாப்பா?" என்றாள்.

சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். ஐந்து விரலையும் கூட்டி அவர் கன்னத்துத் துணியை லேசாகத் தொட்டு, அந்த விரல்களைத் தன் உதட்டில் வைத்து, "ம்மா" என்றாள்.

அண்ணாச்சியின் கை அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தது.

அம்மா இடுப்புப் பக்கத்திலிருந்து தாரிகா எட்டிப் பார்த்தாள். "அம்மா, இது என்ன?"

"இதுவும் முத்தம்தான். தாத்தா எனக்குக் குடுத்தது."

"காயம் வலிக்காதா?"

"வலிக்காது."

ரயில் ஊதிவிட்டது. தாரிகா படிப்பக்கம் வந்தாள். அம்மா இடுப்பைப் பிடித்துக்கொள்ள, அவள் தாத்தாவைப் பார்த்துக் கேட்டாள்:

"தாத்தா, நான் ஒண்ணு தரட்டுமா?"

அவள் கேட்டாள் பாருங்கள்! சட்டப்படி கேட்டாள்! வாசலில் உட்கார்ந்து நூறு நம்பர் பேசின மனுஷன் தலையை மட்டும் ஆட்டினார். பிள்ளை எட்டி, குட்டி விரல் ஐந்தையும் கூட்டி, ஒரு கன்னத்துத் துணியைத் தொட்டாள். தொட்டாளா இல்லையா என்றே தெரியவில்லை, அம்புட்டு மெதுவாக. விரலை உதட்டில் வைத்தாள். "ம்மா."

வண்டி நகர்ந்தது. கடைசிப் பெட்டி போன பிறகும் அண்ணாச்சி கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது மட்டும் ஒரு தடவை சொன்னார்: "ஏலே சமுத்திரம், பிளாஸ்திரியை நாளைக்குப் பிய்ப்போம்." நாளைக்கு நாளைக்கு என்று அவர் அதை ஒரு வாரம் பிய்க்கவில்லை. அந்த ஒரு வாரமும் ஆரஞ்சு வந்துகொண்டே இருந்தது.

இதுதான் கதை என்று சொல்லி நான் கத்தியைத் துடைத்தேன்.

வைகுண்டராஜ் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார், "எல்லாம் சரி. ஆனா மனுஷனுக்கு முத்தம் கெடைக்கலையே. பாவம்."

ராக்கப்பன் பெஞ்சிலிருந்து நிமிர்ந்தார். "கெடைக்கலையா? என்னய்யா சொல்லுதீரு? அப்ப பிள்ளை குடுத்தது என்ன?"

"உதடு படலையே. துணிதான பட்டுச்சு. அதெல்லாம் கணக்குல வராது."

"வராதா? நாப்பது வருசம் அந்தாளு பக்கத்துல நின்னு நூல் பிணைச்சவன் நான் சொல்லுதேன், அதுதான்யா நூறாம் நம்பர்! பட்டதே தெரியக் கூடாது!"

"நூறாம் நம்பர் தூங்குதவங்களுக்குன்னு இப்பத்தான் சமுத்திரம் சொன்னான். ஐயாதுரை முழிச்சிட்டுல்ல நின்னாரு?"

"முழிச்சிட்டு நின்னா என்ன? நூல் அந்துச்சா? அந்துச்சான்னு சொல்லும்!"

"துணி வித்தே பிழைக்கேன், எனக்குத் தெரியாதா? அந்த வலைத்துணி நூல் நூறே கெடையாது. முரட்டு நூலு."

"துணியைப் பத்தி யாரு கேட்டா இப்ப? முத்தத்தைப் பத்திப் பேசும்வே! இரும், காட்டுதேன். உமக்கு வாயால சொன்னா ஏறாது."

நான் தடுப்பதற்குள் ராக்கப்பன் எழுந்து வந்து, ஐந்து விரலையும் கூட்டி வைகுண்டராஜின் கன்னத்தைத் தொட்டு, அதைத் தன் உதட்டில் வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் பாதிக் கன்னத்தில் இன்னும் நுரை இருந்தது அவருக்குத் தெரிந்தது. சோப்பைத் துப்பத் துப்ப வாயிலிருந்து கொப்புளம் வருகிறது.

வைகுண்டராஜ் துண்டை உதறிவிட்டு எழுந்தார். ஒரு பக்கம் வழித்த மூஞ்சி, ஒரு பக்கம் தாடி, கழுத்து வரைக்கும் சிவப்பு.

"யோவ்! கேக்காம எவன்யா உம்மைத் தொடச் சொன்னது?"

"தூ! இந்த மூஞ்சிக்குக் கேக்க வேற செய்யணுமாக்கும்?"

"சட்டம்னா சட்டம்யா! வேண்டாம்னா கையக் கட்டிக்கிட்டு நிக்கணும்! கட்டுய்யா கைய!"

"கட்ட மாட்டேன்! என்னவே செய்வீரு?"

"ஏலே சமுத்திரம், நீ சொல்லு, யாரு மேல தப்பு?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். நான் கத்தியை மடக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு கடையை விட்டுத் தெருவில் இறங்கினேன்.